செல்வதாஸ் வீட்டு வெள்ளையடிப்பும் அதற்கான காரணங்களும்

அஞ்சுகிராமத்துக்கு மேற்கே எங்கள் சபைத் தெருவில் மூன்றாவது வீடு செல்வதாஸுடையது. ஓட்டு வீடு. அவருக்கு வயது அறுபத்திரண்டு. பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே விடுப்புப் பதிவேட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. யாருக்காவது காரணம் கிடைக்காமல் போனால் தாமே ஒன்றை யோசித்து எழுதிக் கொடுப்பார். ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்திலிருந்து அவர் வீட்டுக்கு எடுத்து வந்தது இந்தப் பழக்கம் ஒன்றைத்தான்.

தெருவில் ஒரு வீடு தவிர நாங்கள் எல்லோரும் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு அறுப்பின் பண்டிகை இருக்கிறது. பொங்கல் அஞ்ஞானம், அதாவது புறமத வழக்கம். ஜனவரி தோறும் பிரசங்கத்தில் இதைச் சொல்வார்கள், நாங்களும் தலையாட்டுவோம்.

ஆனால் ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் செல்வதாஸ் வீட்டில் சுண்ணாம்பு நனையும். சுவருக்கு நீலம் கலந்த வெள்ளை, அடியில் ஒரு முழத்துக்குக் காவி, வாசலில் மாவிலை. மறுநாள் காலையில் புதுப்பானையில் சர்க்கரைச் சோறு. இதில் எதுவும் பொங்கல் அல்ல. டிசம்பர் மழையில் கிறிஸ்துமஸ் வெள்ளை நிற்பதில்லை, அதனால் ஜனவரியில் அடிக்கிறார். காவி கரையானுக்கு. மாவிலை, மரத்தைக் கழித்தபோது மிஞ்சியது. சர்க்கரைச் சோறு அவர்களுடைய திருமண நாளுக்கு. திருமணம் நடந்தது மே மாதம் நாகர்கோவிலில். தெருவில் பாதிப்பேர் அதில் சாப்பிட்டவர்கள். இருந்தும் யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் மற்றப் பதினேழு கிறிஸ்தவ வீடுகளும் இந்தக் காரணங்களைத்தான் எடுத்துப் புழங்கின. ஜனவரி பிறந்தால் எங்கள் தெருவில் கரையான் பயம் பொதுவாகவே அதிகம்.

உண்மையான காரணத்தை அவர் ஒரே ஒரு தடவை, மனைவி லீலாபாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஒகி புயல் அடித்த மறுநாள் காலை அது. அக்கம்பக்கத்தில் கூரைகள் பறந்திருந்தன, இவர்கள் வீட்டில் பதினோரு ஓடு நகர்ந்ததோடு சரி. சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாராம்.

“வருசம் முழுக்க நம்மளச் சுமக்குது. ஒரு நாளு அதுக்கு நல்ல துணி உடுத்தி விட்டா என்ன?”

போன வருடம் புதுப் போதகர் வந்தார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். ஜனவரி மூன்றாம் ஞாயிறு சபைச் செயலாளர் தேர்தல். செல்வதாஸ் பதின்மூன்று வருடமாக ஆசைப்பட்ட பதவி அது. செயலாளர் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று ஆண்டறிக்கை வாசிப்பார், சபை முழுதும் வாய்மூடிக் கேட்கும். எதிர்த்து நின்றவன் மஸ்கட்டிலிருந்து திரும்பிய பெனிஷ். பெரிய கார் உண்டு, ஆனால் அறிக்கை எழுதத் தெரியாது. ஆகவே செல்வதாஸ் ஜெயிப்பது உறுதி என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஐயர் ஒரு புது விதி கொண்டுவந்தார். ‘என் வீட்டில் அஞ்ஞான வழக்கம் எதுவும் கிடையாது’ என்று அச்சடித்த தாளில், வாக்கெடுப்புக்கு முன் சபையார் பார்க்க வேட்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். செல்வதாஸ் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். அதில் காரணம் எழுதக் கட்டம் இல்லை.

இந்த வருடம் வெள்ளை இல்லை என்று வீட்டில் அறிவித்தார். வீடு என்ன தப்பு செய்தது என்று லீலாபாய் கேட்டார். ஈஸ்டருக்கு அடித்துக்கொள்ளலாம் என்றார் வருங்காலச் செயலாளர்.

பொங்கலன்று காலை பார்த்தால் பதினேழு வீடும் பளிச்சென்று நிற்கின்றன. செல்வதாஸின் காரணங்களை நம்பி எல்லோரும் வழக்கம்போல அடித்துவிட்டார்கள். மழை வழிந்த கறையும் பாசியுமாக நின்றது அவர் வீடு மட்டும்தான்.

எதிர்வீட்டுச் சுயம்பு உரக்கடைக்காரர், அய்யா வைகுண்டரைக் கும்பிடும் அய்யாவழிக்காரர்; தெருவில் கிறிஸ்தவரல்லாத ஒரே வீடு அவருடையது. அவர்கள் பக்கத்தில் அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் வெள்ளையடிக்க மாட்டார்கள், பொங்கலும் இடமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சுயம்பு மூடிய தூக்குச்சட்டியோடு வந்து, செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, கைகட்டி உட்கார்ந்தார்.

“சொல்லாம வச்சிட்டியளே அண்ணாச்சி.”

“எதை?”

“துஷ்டியை. வெள்ளையடிக்கலியே. கீரிப்பாறையில இருக்க தம்பியா?”

செல்வதாஸ் பதில் யோசிப்பதற்குள் இன்னும் இரண்டு தூக்குச்சட்டிகள் வந்துவிட்டன. ஒன்பதரை மணிக்குக் கீரிப்பாறையிலிருந்து தம்பியே கூப்பிட்டார். தாம் செத்துப்போனதாகத் தெரியவந்திருக்கிறது, அடக்கம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

யாரும் சாகவில்லை, நாங்கள் கிறிஸ்தவர்கள், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதில்லை என்று சொல்லலாம்தான். இரண்டு பக்கமும் பதினேழு கிறிஸ்தவ வீடுகள் வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? செல்வதாஸ் எழுந்து, சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று பொதுவாகக் கேட்டார்.

“கிணத்தடியில இருக்கு. முந்தாநாளே நனச்சு வச்சிட்டேன்,” என்றார் லீலாபாய்.

பொங்கலன்று காலை பத்து மணிக்கு, தெரு முழுக்கப் பார்க்க, செல்வதாஸ் ஏணியில் ஏறினார். முன்சுவர் பாதி வெளுத்திருந்தபோது ஐயர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் வேதாகமம், முகத்தில் ஆறுதல்.

“யாரும் தவறலியா?”

“இல்ல ஐயரே.”

“பின்னே இது என்னது?”

மழையைச் சொல்லியிருக்கலாம். கரையானைச் சொல்லியிருக்கலாம். வெள்ளையடிக்கும் மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவர் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

“பொங்கலுக்கு வெள்ளையடிக்கேன் ஐயரே. வருசா வருசம் அடிக்கதுதான்.”

தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், சாத்தப்பட்டன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேசைமேல் இரண்டு தாள்கள் வைக்கப்பட்டன. பெனிஷ் கையெழுத்துப் போட்டான். அவன் வீட்டுக்கும் ஜனவரி பதின்மூன்றாம் தேதிதான் வர்ணம் பூசினார்கள், ஆனால் அது ஆள் வைத்துச் செய்தது. செல்வதாஸ் முன்னால் போனார். தாளை ஒரு தடவை வாசித்தார். பேனாவை மூடி அதன்மேல் வைத்துவிட்டு, திரும்பி வந்து தம் இடத்தில் உட்கார்ந்தார். பெனிஷ் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக ஐயர் அறிவித்தார். சபை கை தட்டியது. செல்வதாஸும் தட்டினார்.

வெளியே வாசலில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் அவரை மறித்துக்கொண்டார்கள். நல்ல கோபம். உம்முடைய பதவி போனது உம்முடைய இஷ்டம், எங்களையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டீரே என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

“இனிமே ஐயரு வந்து கேட்டா நாங்க என்னவே சொல்லணும்?”

செல்வதாஸ் சொல்லிக் கொடுத்தார்.

“என் வீட்டுல சுண்ணாம்பு மிஞ்சிப் போச்சு, கேட்டு வாங்கி அடிச்சோம்னு சொல்லுங்க.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லை, இந்தக் காரணம் நிற்கும் என்று தோன்றியது. வழிவிட்டார்கள்.