காளிமுத்து போட்ட வட்டம்

எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்தடியில் வட்டம் போடுவதில் காளிமுத்துவை மிஞ்ச நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் கிடையாது. வட்டம் என்றால் கோலமும் இல்லை, மந்திரமும் இல்லை. மருந்து பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றி இரண்டு எட்டுத் தூரத்துக்குப் புல்லைக் கருக்கி மண்ணை மொட்டையாக்குகிற வேலை. முப்பத்து நாலு வருடம் அதைத்தான் செய்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மற்றவர்களிடம், "காளிமுத்து வட்டத்தப் போயி பாத்துட்டு வாங்கடா" என்பார். தோட்டத்தைவிட்டு வரும்போது அவர் கையோடு கொண்டுவந்தது அந்தப் பெயரும், ஒரு பழைய பம்பும், மாறாத இருமலும்தான்.

மெர்லிமாவில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு கிடைத்தது. வாசலில் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண். கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை கோகுலராஜ். பெம்பானில் சுப்பன் நடத்தும் செடி நர்சரியில் வேலை. வீடு வீடாகப் போய் எந்த வாசலுக்கு எந்த மரம் என்று சொல்லி, நட்டுக்கொடுத்துவிட்டு வருவான். சொந்த வாசல் மட்டும் வெறுமனே கிடந்தது.

அவன் அம்மா இருசம்மாள் நர்சரியில் தொங்கிய பழைய காலண்டரில் ஒரு மரத்தைப் பார்த்துவிட்டாள். இலையே தெரியாமல் கிளை முழுக்க வெளிர் சிவப்புப் பூ. பெயர் கிராப் ஆப்பிள்.

"எனக்கு இந்த மரந்தான் வேணும்."

"அம்மா, அது குளிர் நாட்டு மரம். வருசத்துல ரெண்டு மூணு மாசம் நல்லா குளிர்ல தூங்குனாத்தான் பூக்கும். மெர்லிமாவ் வெயில்ல அதுக்கு ஏது தூக்கம்?"

"அப்ப ஐஸ் பெட்டில வச்சு வளத்துக் குடு."

கோகுல் சிரித்தான். ஆனால் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தத் துண்டு மண்ணில் நின்றான். மேலே மின்கம்பி எவ்வளவு உயரம், சாயங்கால வெயில் எதுவரை வருகிறது, லோங்காங் சாக்கடை எத்தனை அடி தள்ளி என்று கயிறு பிடித்து அளந்தான். டெக்கோமா நட்டால் காலண்டர் படம் மாதிரியே பூக்கும், ஆனால் வேர் லோங்காங்கைத் தூக்கிவிடும். ஜம்பு மரம் வேண்டாம், பழம் விழுந்து அழுகும், எறும்பு வரும். கெம்போஜாவை இருசம்மாளே வேண்டாம் என்றாள். மலாய்க்காரர் பிணம் புதைக்கிற மையத்துக்கொல்லையில் நிற்கிற மரம் வீட்டு வாசலுக்கு ஆகாதாம். கடைசியில் குட்டை ரகப் புங்கோர் மரக்கன்று ஒன்றைக் கொண்டுவந்தான். ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பத்துப் பன்னிரண்டு அடியோடு நின்றுவிடும்.

"எல்லாரும் பூவப் பாத்துத்தான் மரம் வாங்குறாங்கம்மா. வேரு எங்க போகும், பூ எங்க விழும்னு யாரும் கேக்குறதில்ல லா."

குழியை ஆழமாகத் தோண்டாமல் அகலமாகத் தோண்டினான். தண்டும் வேரும் சேருகிற கழுத்து மண்ணுக்குமேல் தெரிய நட்டான். காய்ந்த இலையைச் சுற்றிப் பரப்பி, தண்டில் மட்டும் படாமல் ஒதுக்கினான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டான்.

"அப்பா, இதுக்கு மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க. இது செம்பனை இல்ல. தோலு மெல்லிசு. அடியில துளிர் வேற விடும். துளிர்ல பட்டா நேரா வேருக்கு எறங்கிடும். புல்ல கையால புடுங்குனா போதும்."

காளிமுத்துவுக்குச் சுருக்கென்றது. நான் மருந்தடித்த காலத்தில் நீ பிறக்கவே இல்லையடா என்று வாய்வரை வந்தது. அடுத்த மாதமே பம்பில் மருந்து பீய்ச்சும் பித்தளை மூக்கைக் காணவில்லை. எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது என்று விட்டுவிட்டார்.

மரம் இடுப்பளவு வந்தபோது கோகுல் போய்விட்டான். காலை மழையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன் மேல் லாரி ஏறியது. வயது இருபத்தேழு. இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

கருமாதிவரை பதினாறு நாளும் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பவானேஸ்வரிதான் மூன்று வேளையும் சோறாக்கிக் கொண்டுவந்தாள். இருசம்மாளுக்கு ஊட்டிவிட்டவளும் அவள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு இருசம்மாளுக்குப் பிள்ளையென்றும் பேச்சுத்துணையென்றும் அந்த மரம் ஒன்றுதான். காலையில் அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு போனால் அரைமணி நேரம் அங்கேயே நிற்பாள். மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. கோகுல் போன பத்தாம் மாதம் நுனியில் பச்சைப் பட்டாணி மாதிரி மொட்டுகள் வந்தன.

"அவன் தெவசத்துக்குப் பூத்துடும்ங்க" என்றாள். மகன் போனபின் அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

காளிமுத்துவும் ஏதாவது செய்ய ஆசைப்பட்டார். திவசத்துக்குச் சொந்தம் எல்லாம் வரும். தண்ணீர் ஊற்றி ஊற்றி மரத்தடியில் புல் மண்டிக் கிடந்தது. ஒருநாள் இருசம்மாள் கிளினிக்குக்குப் போன நேரம் பார்த்து, கடையில் புதிதாக ஒரு மூக்கு வாங்கிவந்து பம்பில் மாட்டினார். மகன் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. இரண்டு வருடம் செடி விற்ற பையன், புத்தகத்தில் படித்ததைச் சொல்லியிருப்பான் என்று நினைத்தார். அதுதான் அவர் செய்த பாவம்.

அளவு பார்த்துக் கலந்து, காற்றுக்கு முதுகு காட்டி, தோட்டத்தில் அடித்த மாதிரியே சுற்றிவந்து அடித்தார். அடியில் விட்டிருந்த துளிர்களையும் களை என்று நனைத்தார். மகன் போனதிலிருந்து செத்துக் கிடந்த கைக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்றே சொல்லவேண்டும்.

நாலைந்து நாளில் புல் காய்ந்தது. இருசம்மாள் பார்த்துவிட்டு, "புல்லு காயுதே, வெயிலுங்களா?" என்றாள். ம் என்றார். இரண்டாவது வாரம் மொட்டுகள் கறுத்து உதிர்ந்தன. புது இலைகள் விரியாமல் ஊசி ஊசியாய்ச் சுருங்கி, விளக்குமாற்று நுனி மாதிரி மஞ்சளாய் நின்றன.

பூ உதிர்ந்தால் கார்மேல் ஒட்டுமே என்று பவானேஸ்வரி எப்போதோ ஒருநாள் முணுமுணுத்திருந்தாள். இருசம்மாளுக்கு அது போதுமாயிருந்தது.

"நீதான் என்னமோ ஊத்திட்ட! எம்புள்ள வச்ச மரம் ஒனக்கு என்னாடி செஞ்சிச்சு?"

"அக்கா, சாமி சத்தியமா நான் தொடல. கோகுலு எனக்கும் புள்ளதாங்க்கா."

இருசம்மாள் காதில் விழவில்லை. குனிந்து அந்த மரத்தடி மண்ணையே இரண்டு கையாலும் வாரினாள். பவானேஸ்வரி வீட்டு கேட்டுக்கு நேராக நின்று தூற்றினாள். "எனக்கு வந்தது ஒனக்கும் வரட்டும்! நீயும் வாசல்ல நின்னு காத்துக் கெட!"

பவானேஸ்வரியின் மகன் நிவேந்திரன் அப்போதுதான் ஃபாக்டரி வேலைக்குக் கிளம்பி, ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தான். மண் அவன் சப்பாத்தில் விழுந்தது. காளிமுத்து எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படியும் ஒரு மனுஷன் நிற்பானா என்று கேட்கலாம். நின்றார்.

அன்றிலிருந்து மகன் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் பவானேஸ்வரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபிறகுதான் உள்ளே போவாள். காளிமுத்து தினமும் அதைப் பார்த்தார்.

திவசத்துக்கு முந்தின நாள், மரத்தைப் பிழைக்கவைக்க வழி இருக்கிறதா என்று ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு பெம்பானுக்குப் போனார். சுப்பன் இலையைத் திருப்பிப் பார்த்தவுடனே கீழே வைத்துவிட்டார்.

"புல்லு மருந்துண்ணே. வேருக்கு எறங்கிடுச்சு. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. யாரு அடிச்சது?"

"தெரியல" என்றார் காளிமுத்து.

சுப்பன் பெருமூச்சு விட்டார். "கோகுலு செடி வாங்குற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லுவான். வீட்டுல எஸ்டேட்டுல வேல செஞ்ச பெரியவங்க இருந்தா மொதல்ல பம்ப ஒளிச்சு வைங்கன்னு. எங்கப்பா மாதிரி வட்டம் போட ஆளே கெடையாது, அதனாலதான் பயமா இருக்குன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இருங்க, அவன் சாமானு ஒரு பையில கெடக்குது. குடுக்கணும் குடுக்கணும்னு மனசே வரல."

பையில் ஒரு கத்தரிக்கோல், ஒரு ஜோடிக் கையுறை, அளக்கிற கயிறு. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் பம்பின் பித்தளை மூக்கு. எண்ணெய் தடவித் துருப்பிடிக்காமல் பத்திரமாக வைத்திருந்தான். அப்பாவின் பொருள் என்று தூக்கிப் போட மனம் வரவில்லை போலும். காளிமுத்து அங்கேயே ஒரு பூந்தொட்டிமேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மூக்கை இருசம்மாள் முன்னால் வைத்தார்.

"நாந்தான் அடிச்சேன். அடிக்காதன்னு சொன்னான். நான் கேக்கல."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அந்த மூக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நான் மண்ண வாரித் தூத்துறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஜன்னல்ல."

"மொதல்ல அவகிட்டப் போயி சொல்லுங்க."

அவர் வெளியே போனார். வேலை விடுகிற நேரம். பவானேஸ்வரி வழக்கம்போலக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதைத் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"இப்ப சொல்லி என்னாண்ணே ஆவப்போவுது? அக்கா சொன்ன சொல்லு காதுலயே நிக்குது. அவன் வர்றவரைக்கும் என்னால உள்ள போவ முடியல லா."

காளிமுத்து தன் பக்கத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து மோட்டார் சைக்கிள் வந்தது. பவானேஸ்வரி மகனை உள்ளே விட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் திவசம். விடிந்ததும் இருசம்மாள் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய்ப் பட்டுப்போன மரத்துக்கு ஊற்றினாள். பிறகு உள்ளே வந்து மகன் படத்துக்கு ஒரு தேத்தண்ணி வைத்தாள், தனக்கு ஒன்று ஊற்றிக்கொண்டாள். காளிமுத்துவின் கோப்பை கவிழ்த்தபடியே இருந்தது.