துலா ஏற ஒரு நல்ல வார்த்தை

நெருப்புக் காய்ச்சலில் கிடந்து நான் எழும்பியபோது தோட்டத்தில் புகையிலைக் கன்று வேர் பிடித்திருந்தது. ஐயா கிணற்றுக் கட்டில் நின்று ஓலைப் பட்டையால் இறைப்பார். அம்மா பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்புவாள். பட்டை கிணற்றில் இறங்கி ஏற, துலா மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பது என் வேலை. எனக்குப் பதிலாக மிதிக்க அண்ணை கொழும்புக் கடையில் லீவு கேட்டு வந்திருந்தார். தைப்பொங்கல் கழிந்தும் வராவிட்டால் வேறு ஆள் வைப்பேன் என்று முதலாளி சொல்லி அனுப்பிவிட்டார். பொங்கலுக்குள் நான் துலாவில் ஏறவேண்டும். இல்லையென்றால் அண்ணையின் வேலை போகும், அல்லது புகையிலை கருகும்.

காலுக்குப் பலம் வர நடக்கத் தொடங்கினேன். முதலில் வேலிப் படலை வரை, பிறகு கிணற்றடி வரை. துலாவைத் தாங்கும் ஆடுகாலைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்புவேன். "ஏலும், ஏலும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அண்ணையும் மேலே நின்றபடி, "நேற்றையிலும் பாக்க இண்டைக்கு உசார்" என்பார். அந்தச் சொல்லுக்காகவே இன்னும் நாலு தரம் எழும்புவேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா. "எலும்பும் தோலுமாய்ப் போனாய். காத்தடிச்சால் விழுந்திடுவாய்" என்பாள். வேலிக்கு அப்பால் யாராவது சுகம் விசாரித்தால் இன்னும் மோசம். "எங்கை தேறினது? எழும்பி இருக்கவே ஏலாமல் கிடக்குது பிள்ளை." பிள்ளை அப்போது இரண்டாம் தரம் கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும். கண்ணூறு நாவூறு பட்டுவிடும் என்ற பயம் அவளுக்கு. தேறுகிற பிள்ளையைத் தேறுகிறது என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அது தெரிந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே முற்றத்தில் நின்று, "என்ரை காலிலை பலம் வந்திட்டுது!" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். எனக்கு இருமல் அடங்கவில்லை. "பாத்தியே, நெடியே இல்லை. எவ்வளவு நாவூறு!" என்றாள், தானும் இருமிக்கொண்டு.

பொங்கலுக்கு முதல் வாரம் துலாவில் ஏறினேன். நடுவுக்குப் போனதும் தொடை நடுங்கியது. அண்ணை தாங்கிப் பிடித்து இறக்கினார். நேரே வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். "என்னாலை ஏலாது. அண்ணை இஞ்சையே நிக்கட்டும்" என்றேன். மறுநாள் காலையும் எழும்பவில்லை. அண்ணை கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தேன். வெட்கமும் கோபமும் ஒன்றாய் இருந்தன.

அம்மா வந்து பாய்க்குப் பக்கத்தில் குந்தினாள். பெற்றவள் கண்தான் எல்லாக் கண்ணிலும் பொல்லாதது என்று நம்புகிறவள் அவள். குரல் நடுங்கச் சொன்னாள்.

"உன்ரை கால் தேறிட்டுது, ராசா. நீ கிணத்தடிக்கு நடக்கேக்கை நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். முந்தின மாதிரியே அடி வைக்கிறாய். உன்னாலை ஏலும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

பொங்கலுக்கு மறுநாள் அண்ணை ரயில் ஏறினார். அடுத்த காலை துலாவில் நான் நடந்தேன். ஐயா இறைத்தார், வாய்க்கால் நிரம்பி ஓடியது. கால் நடுங்கவில்லை. அம்மா மண்வெட்டியோடு பாத்திக்குள் நின்றாள். கடைசிப் பாத்தி நிறையும்வரை அவள் ஒரு தரமும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.