நூற்றுக்கு மூன்று

முதல் சங்கு ஊதியதும் முனீஸ்வரி செருப்பைக் கழற்றி, தார்ச் சாலையின் குறுக்கே ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமுமாக வைக்கிறார். பிறகு ஓரத்தில் மடித்துப் போட்டிருக்கும் சாக்கின் மேல் ஏறி நின்று சிவப்புக் கொடியை விரிக்கிறார். அந்தச் செருப்புகள்தான் எல்லைக் கோடு. மினி பஸ்ஸானாலும் சரி, கவுன்சிலரின் காரானாலும் சரி, செருப்பைத் தாண்டக் கூடாது. தாண்ட வருகிறவர்களைப் பார்த்து அவர் கத்துவதில்லை. "செத்த நில்லுங்கண்ணே. மலை இருமி முடிச்சிரட்டும்" என்பார்.

மேலூருக்குக் கிழக்கே, ஜல்லி உடைக்கும் குவாரி ஒன்றின் அடிவாரத்தில் போகிறது அந்தக் கிளைச் சாலை. வாரத்தில் மூன்று நாள், காலை பத்தரை மணி சுமாருக்கு மலையில் வெடி வைப்பார்கள். முதல் சங்குக்குச் சாலையை அடைக்க வேண்டும். இரண்டாவது சங்குக்கு மலையில் இருக்கிற ஆட்கள் ஒதுங்க வேண்டும். மூன்றாவது ஊதிவிட்டால் திரியில் நெருப்பு வைத்தாயிற்று என்று பொருள். அப்புறம் மூன்றே நிமிடம். கல் பறக்கக்கூடிய இடம் என்று குறித்த நானூறு மீட்டர் சாலைக்கு இந்த முனையில் முனீஸ்வரி, அந்த முனையில் காளை என்ற காவலாளி.

சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் நனைத்த துண்டு, அதற்கு மேல் மஞ்சள் ஹெல்மெட். சட்டைப் பையில் விசில், போன், ஒரு கை வறுத்த கடலை. வெடி வெடித்தவுடன் வழி விட மாட்டார். வாய்க்குள் நாற்பது வரை எண்ணுவார். புழுதி இறங்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருடைய கணக்கு. இருபத்தைந்தில் யாராவது ஹாரன் அடித்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் கொடியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு நாள் வெடித்த கல் முனீஸ்வரி வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொத்துக்கொண்டு அடுப்படியில் விழுந்தது. குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு அவர் அப்போதுதான் வெளியே வந்திருந்தார். ஊரே திரண்டு சாலையில் உட்கார்ந்தது. முனீஸ்வரி ஒரு படி மேலே போய் லாரிக்கு முன்னால் படுத்து, தொண்டை கட்டும்வரை கத்தினார். சமாதானப் பேச்சு முடிந்தபோது, சாலையில் கொடி பிடிக்க ஆள் போடுவதாகக் குவாரி மேனேஜர் ஒத்துக்கொண்டார். யாரைப் போடுவது என்று கேட்டபோது எல்லோரும் முனீஸ்வரியைக் கை காட்டினார்கள். "கத்துனதுக்குக் கெடச்ச வேல இது. அதான் இப்பக் கத்துறதில்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவரைக் கடந்த பிப்ரவரியில் ஒரு வீடியோ குழப்பிவிட்டது. மினி பஸ் கண்டக்டர் போனில் அனுப்பிய வீடியோ. வானத்திலிருந்து நெருப்புப் பிடித்த பாறை ஒன்று வந்து ஊரைப் பொசுக்கியது. அதை அவர் நம்பவில்லை. பாறை என்ன செய்யும், என்ன செய்யாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மறுநாள் செருப்புக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திய தமிழ்வாணி டீச்சரிடம் காட்டியபோது, படம் பொய், கல் மெய் என்று டீச்சர் சொன்னார். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர் தமிழ்வாணி. மதியத்துக்கு முன் பாடவேளை இல்லாத நாட்களில் அந்த வழியாக மேலூருக்குப் போவார். சாலை அடைபட்டிருக்கும் பத்து நிமிடமும் முனீஸ்வரியோடுதான் பேச்சு.

அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் விஷயம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. பத்து, பதினைந்து மாடி உயரக் கல் ஒன்று சூரியனைச் சுற்றி வருகிறது. ஏழு வருடம் கழித்து, ஒரு டிசம்பர் மாதம் அது பூமிக்குப் பக்கமாக வரும். பூமி மேல் விழுவதற்கு நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த வாரம் அது இரண்டாகி, அதற்கடுத்த வாரம் மூன்றாகிவிட்டது. விழுந்தால் எங்கே விழலாம் என்று வரைந்திருந்த கோடு நம் நாட்டையும் தொட்டுக்கொண்டு போனது. டீச்சர் பயப்படவில்லை. இன்னும் நன்றாகப் பார்த்தால் எண் இறங்கிவிடும் என்றார்.

முனீஸ்வரிக்குப் பிடிபடாதது வேறு. மூன்று என்று கேட்ட அன்று மாலை, மலையில் வெடி வைக்கும் முத்திருளனிடம், நூறு வெடியில் எத்தனை தடவை ரோட்டுக்குக் கல் வரும் என்று கேட்டார். முத்திருளன் கொஞ்சம் யோசித்துவிட்டு, நூற்றுக்கு ஒன்றுகூட வராது மதினி என்றார். பதினோரு வருடத்தில் நாலு தடவை வந்திருக்கிறது, அதுவும் கைப்பிடி அளவுக் கல். முனீஸ்வரி அதை மனத்துக்குள் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அடுத்த முறை தமிழ்வாணி வந்தபோது சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார்.

"ஒண்ணுக்கும் கொறைஞ்சதுக்குத்தான் டீச்சர் நான் பஸ்ஸ நிப்பாட்டுறேன். அப்ப மூணுக்கு யாரு நிப்பாட்டணும்? எங்கிட்டு நின்னு நிப்பாட்டுறது?"

உலகத்தில் பல இடங்களில் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார் டீச்சர். பார்க்கிறவர்கள் கையில் கொடி இருக்கிறதா என்று முனீஸ்வரி கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அதே வாரம் புதன்கிழமை. மூன்றாவது சங்கு ஊதி முடிந்து அரை நிமிடம் இருக்கும். கிழக்கிலிருந்து ஓர் ஆட்டோ வந்து செருப்பை ஒட்டி நின்றது. ஓட்டியவர் அருண்பாண்டி, தெரிந்த முகம். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண், அவளைத் தாங்கிப் பிடித்தபடி அவளுடைய தாய். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்து பார்த்து, வராமல் கிளம்பி வந்திருந்தார்கள். தாமதிக்க முடியாது என்றார் அருண்பாண்டி. பைக்கில் வந்து நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் விட்டுவிடச் சொன்னார்கள், பாதிப் பேர் விடாதே என்றார்கள். டீச்சரும் நின்றிருந்தார்.

முனீஸ்வரி போனை எடுத்து முத்திருளனைக் கூப்பிட்டார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "நெருப்பு வச்சாச்சு மதினி. நான் எறங்கி ஓடிக்கிட்டு இருக்கேன்."

போன மாதமாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டார். மூன்றாவது சங்குக்கு மேல் ஒருத்தரும் இல்லை, அவ்வளவுதான் சட்டம். அவருடைய அண்ணன் மகன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை காரையே நிறுத்தி வைத்தவர் அவர். இப்போது தலைக்குள் எண்கள் புகுந்துகொண்டு ஒன்றையொன்று தள்ளின. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த நாலு தடவையும் அதே எண்தான் இருந்திருக்கும். ஆட்டோ கடக்க ஒரு நிமிடம் போதும். பள்ளத்தில் சக்கரம் மாட்டினால் போதாது. உள்ளே இருந்த பெண் அவரைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டோவின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனீஸ்வரி குனிந்து ஒரு செருப்பை எடுத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அந்தப் பெண்ணின் தலையில் வைத்தார். "போ அருணு. நிக்காமப் போ" என்றார்.

ஆட்டோ போனது. பாதி வழியில் பள்ளத்தில் இறங்கி, ஒரு கணம் நின்றதுபோலத் தெரிந்து, ஏறியது. அந்த முனையில் காளை கையை வீசி வழி விட்டது புள்ளியாகத் தெரிந்தது. அதன் பிறகுதான் மலை வெடித்தது. முனீஸ்வரி எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டுக்கு மேல் எண் வரவில்லை. சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சாலையில் ஒரு பொடிக்கல்கூட விழவில்லை. பைக்கில் வந்தவர்கள், விடாதே என்றவர்கள் உட்பட, நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தமிழ்வாணி கடைசியாகக் கிளம்பினார். ஒன்றும் ஆகவில்லையே, நீங்கள் செய்தது சரிதான் அக்கா என்றார்.

"ஒண்ணும் ஆகலைங்கறதால சரியாகிருமா டீச்சர்?" என்று கேட்டார் முனீஸ்வரி.

மாலையில் அருண்பாண்டி ஹெல்மெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். பத்து நிமிடம் பிந்தியிருந்தால் அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டதாகச் சொன்னார். அதைக் கேட்டு முனீஸ்வரிக்கு மனம் லேசானது. அந்த லேசு ஒரு மணி நேரம் இருந்தது. அப்புறம் முத்திருளன் வந்தார். ஊரெல்லாம் பரவிய பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. திட்டவில்லை. இன்னொரு நாள் இப்படி ஓர் ஆட்டோ வந்தால் என்ன செய்வாய் மதினி, அதை மட்டும் சொல், அதற்குத் தகுந்தபடி நான் திரி வைக்கிறேன் என்றார். தெரியவில்லை என்றார் முனீஸ்வரி. அந்தப் பதில் முத்திருளனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த இரண்டு நாளுக்குள் வானத்துக் கல்லின் எண் சரசரவென்று இறங்கியது. மூன்று ஒன்றரையானது, ஒன்றரை ஒன்றுக்குள் போனது, வாரம் முடியும்போது இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். டீச்சர் சந்தோஷமாக வந்து சொன்னார். முனீஸ்வரியின் குழப்பம் கூடத்தான் செய்தது. கல் வழி மாறிவிட்டதா என்று கேட்டார்.

இல்லை என்றார் தமிழ்வாணி. கல்லுக்கு முதலிலிருந்தே ஒரே வழிதான். நமக்குத்தான் அது எந்த வழி என்று தெரியவில்லை. பத்து வழியில் ஒன்று நம் ஊருக்கு வருகிறது என்று வையுங்கள். ஐந்து வழி இல்லையென்று தெரிந்தால் நம் ஊருக்கு வரும் வாய்ப்பு கூடும். கடைசியில் நம் வழியும் இல்லையென்று தெரிந்துவிட்டது. சாலையோரப் புழுதியில் குச்சியால் கோடு கிழித்தே காட்டினார்.

முனீஸ்வரி கோடுகளைக் குனிந்து பார்த்தார். "அப்ப மூணுன்னு சொன்ன அன்னைக்கும் அது வரப்போறதில்ல. அப்படித்தான?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு நம்ம பயந்தது தப்பா?"

"தப்பில்லக்கா. அன்னைக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

அப்படியானால் அந்தப் புதன்கிழமைக் கற்களுக்கும் முதலிலிருந்தே வழி தீர்மானமாகித்தான் இருந்ததா என்று அவர் கேட்க நினைத்தார். அதற்குள் மலை வெடித்தது, கேட்கவில்லை. நாற்பது எண்ணி வழி விட்டார்.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், அருண்பாண்டியின் ஆட்டோ மறுபடி அந்தச் சாலைக்கு வந்தது. பிறந்த வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. முதல் சங்கு ஊதியிருந்தது; ஆட்டோ தானாகவே நின்றது. பெண்ணின் தாய் இறங்கி வந்து முனீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனசு தாயி உனக்கு என்றார். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு என்னவோ அவசரப்பட்டுவிட்டோம், ஆஸ்பத்திரிக்குப் போயும் பிள்ளை பிறக்கச் சாயங்காலம் ஆறு மணியாகிவிட்டது, பத்து நிமிடம் நின்று வந்திருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது என்றும் சொன்னார்.

முனீஸ்வரி அருண்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார். அருண்பாண்டி ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சங்கு ஊதியது. பிள்ளை தாயின் மடியில் விழித்துக்கொண்டு கிடந்தது. இந்தச் சத்தத்தை அது இதற்கு முன் கேட்டதில்லை. மூன்றாவது சங்கு ஊதியதும் முனீஸ்வரி கொடிக் கம்பை அருண்பாண்டியின் கையில் கொடுத்தார். உள்ளங்கைப் புழுதியைச் சட்டையில் இரண்டு தரம் தேய்த்துத் துடைத்தார். ஆட்டோவுக்குள் குனிந்து, பிள்ளையின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு காத்திருந்தார்.