தொட்டி மூடிமேல் சூடான எலுமிச்சை சாதம்

"மிஸ், பீக்கர்ல சரியா வந்ததுன்னா, நூறால பெருக்கிப் பெரிய தொட்டியில போட்டாலும் அதே மாதிரிதானே வரும்?"

எட்டாம் வகுப்பு ராஜேஸ்வரி கேட்ட கேள்வி இது. வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்கோ உடனே வறுத்த புளியங்கொட்டை வாசனை வந்துவிட்டது...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. டீச்சர் வேலைக்கு வருவதற்கு முன் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். மில்களில் பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்துவிடாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சிக்கு மக்காச்சோள மாவு வேண்டும். சாப்பிடுகிற தானியத்தை நூலுக்குக் கொட்டுவானேன், தூக்கி எறிகிற புளியங்கொட்டையில் கஞ்சி காய்ச்சலாமே என்பது எங்கள் கூடத்துத் தலைமை விஞ்ஞானியின் யோசனை.

கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்தால் வெள்ளை மாவு. தண்ணீரோடு துளி அமிலம் சேர்த்து இருபது நிமிடம் கொதிக்க வைத்தால் தேன் மாதிரி வழவழவென்று கஞ்சி. பீக்கரில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

சோதனைக்குக் கொண்டுபோன மில்லில் இரண்டு தடவையும் தப்பியது.

காலையில் கெட்டியாக இருந்த கஞ்சி மதியம் தண்ணீராகிவிடும். அந்த நூலைத் தறியில் ஏற்றினால் பட் பட்டென்று அறும். நெய்த கஜத்துக்குத்தான் நெசவாளிகளுக்குக் கூலி. அறுந்த நூலை முடிந்துகொண்டே இருந்தால் அன்றைக்கு வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

அவர்களைச் சம்மதிக்க வைத்தவர் கஞ்சித் தொட்டி மேஸ்திரி சின்னப்பா. ஜீவனஹள்ளிக்காரர். ஏச்செல்லாம் அவருக்குத்தான் விழுந்தது. "யாரோ காலேஜு பொண்ணு சொல்லிச்சுன்னு எங்க கூலியில மண்ணப் போட்டியே மேஸ்திரி" என்று என் காதுபடவே கேட்டார்கள்.

அவர் என்னிடம் திரும்பினார். "ஏம்மா, நூலுக்குத்தான் ஒட்டல... இத குடிக்கவாவது ஆவுமா?"

சிரிப்பு எழுந்தது. எனக்கு அழுகை முட்டியது. மேனேஜர் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் சரிவராவிட்டால் புளியங்கொட்டை இனி மில் கேட்டுக்குள் வரக்கூடாது.

பஸ்ஸில் சிவாஜிநகர் போகும்வரை மாவையே குறை சொல்லிக்கொண்டு போனேன். வறுவல் போதவில்லையோ? அரைத்தது நைசாக இல்லையோ?

திடீரென்று அன்று மதியம் சாப்பிட்ட எலுமிச்சை சாதம் நினைவுக்கு வந்தது. சுடச்சுட இருந்ததே!

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு வந்ததும் எல்லோரும் தங்கள் சாப்பாட்டுத் தூக்கைக் கஞ்சித் தொட்டி மூடிமேல் வரிசையாக வைத்துவிடுவார்கள். அன்றைக்கு என் டப்பாவையும் மேஸ்திரி வாங்கி நடுவில் வைத்திருந்தார். ஆனால் தொட்டியைக் கொதிக்க வைக்கும் நீராவியை நிறுத்தியது பத்து மணிக்கு. நாங்கள் சாப்பிட்டது ஒரு மணிக்கு. மூன்று மணி நேரம் கழித்தும் சாதம் சுடுகிறது என்றால் உள்ளே கஞ்சி...?

வெந்துகொண்டே இருந்திருக்கிறது!

பீக்கரில் ஒவ்வொரு சொட்டும் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் காபி குடித்து வருவதற்குள் ஆறிவிடும். தொட்டியின் நடுவில் இருக்கும் கஞ்சிக்கோ வெளியே காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது. சூடும் அமிலமும் சேர்ந்து மணிக்கணக்கில் அதைக் கரைத்துவிட்டிருக்கின்றன. மாவைப் பெருக்கினோம், தண்ணீரைப் பெருக்கினோம், அமிலத்தைப் பெருக்கினோம். ஆறுகிற நேரமும் பெருகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே மாவு, அதே தண்ணீர்... அளவு மாறியதும் அது வேறு உலகமாகிவிடுகிறதே!

கடைசி முறை, தொட்டிக்குள் குழாயைச் சுருளாக இறக்கினோம். இருபது நிமிடம் கொதித்ததும் குழாயில் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டோம். கஞ்சி சீக்கிரமே ஆறியது. சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்டியில் எடுத்தேன். தேன் மாதிரி மெல்ல இறங்கியது. தறிகள் நிற்காமல் ஓடின.

மேஸ்திரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு காலித் தூக்கைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க கஞ்சி கெலிச்சிடுச்சும்மா. எங்க சோறுதான் ஐஸாப் பூட்சி."

அடுத்த வாரம் அவர்கள் தூக்குகள் பாய்லர் பக்கம் இடம் மாறின.

இன்று எங்கள் வீட்டில் மைக்ரோவேவில் ஒரே நிமிடத்தில் சாதம் சூடாகிறது. அந்த மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. ஆனாலும் பெரிய பாத்திரத்துச் சாம்பார் நெடுநேரம் ஆறாமல் இருந்தால், இப்போதும் ஒரு கணம் நின்று மூடியைத் தொட்டுப் பார்க்கிறேன்...

ராஜேஸ்வரிக்கு அன்று வகுப்பில் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கொதித்த தண்ணீரை ஒரு சின்ன டம்ளரிலும் ஒரு பெரிய குண்டானிலும் நிறைய ஊற்றி வையுங்கள்; அரை மணி கழித்து இரண்டையும் வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள்.