மைதீன் படிக்காத பக்கம்

துபாயில் ஹோட்டல் அடுப்படியில் வேலை பார்த்த ஜெயினுலாபுதீனுக்கு அச்செழுத்து ஓடும்; கையெழுத்து ஓடாது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். சிறு வயதில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சோடா விற்றுக்கொண்டே பஸ் போர்டையும் சினிமா போஸ்டரையும் பார்த்துப் படித்த படிப்பு அது. புதுப்பட்டினத்திலிருந்து மனைவி ஷரீபுன்னிசா எழுதும் கடிதங்களை, அதே அறையில் தங்கியிருந்த ஊர்க்கார மைதீன்தான் படித்துக் காட்டுவான்; பதிலும் அவன்தான் எழுதிக் கொடுப்பான். மைதீனுக்கோ ஓட்டை வாய்.

ராத்திரி தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்று எழுபத்தாறில் ஒரு தடவை எழுதிவிட்டாள். அடுத்த மாதமே குழாயடியில் மைதீன் பெண்டாட்டி சம்சாத் பேகம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா ஷரீபு, தனியா படுக்க பயமா கீதாமே?" என்று கேட்டாள். குழாயடியே சிரித்தது. அதற்கப்புறம் இவள் எழுதியதெல்லாம் அரிசி விலையும் மாமியாரின் முட்டிவலியும்தான். மனசில் இருப்பது மனசிலேயே கிடந்தது.

அப்போது தோன்றியதுதான் ஆல்பம். அவர் போன பிறகு பிறந்த மகள் ரோஷனின் போட்டோக்களைக் கறுப்புத் தாளில் ஒட்டி, கீழே அச்செழுத்துகளை வெட்டி ஒட்டினால் மச்சான் தானாகவே படித்துக்கொள்வார். மைதாப் பசை காய்ச்சினாள். கண்ணில் பட்ட காகிதத்திலெல்லாம் கத்தரிக்கோலைப் போட்டாள். குழந்தை குளிக்கும் படத்துக்குச் சோப்பு உறையின் குண்டு எழுத்து. மகாபலிபுரம் கடற்கரையில் அலையைப் பார்த்து அலறும் படத்துக்கு சினிமா நோட்டீசின் சாய்ந்த எழுத்து. பெயர் வைத்த நாள் படத்துக்குக் கல்யாணப் பத்திரிகையின் வளைந்த எழுத்தை ஒட்டிப் பார்த்தாள். அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் மச்சான் தடுமாறுவாரே என்று பிய்த்துவிட்டுக் காலண்டர் எழுத்தை ஒட்டினாள்.

கடைசிப் பக்கம்தான் உயிரை எடுத்தது. அவள் மட்டும் நிற்கும் படம். கீழே, 'வந்துடுங்க மச்சான்' என்று இரண்டே வார்த்தை. சினிமா எழுத்தில் வைத்தால் தெருவையே கூட்டிக் கத்துவது போல இருந்தது. செய்தித்தாள் தலைப்பு எழுத்தில் வைத்தால் யாரோ யாருக்கோ சொல்லும் சேதியாக இருந்தது. பல நாள் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மஞ்சள் அட்டையிலிருந்து தானே எழுத்துகளை வெட்டினாள். அவர் முதன்முதலில் படித்த பஸ் போர்டின் தடித்த, நேரான எழுத்துகள். கறுப்புத் தாளில் ஒட்டியதும் ஊருக்கு வரும் பஸ் மாதிரியே தெரிந்தது.

லீவு முடிந்து துபாய்க்குத் திரும்பிய இன்னொரு ஊர்க்காரர் காஜா மொய்தீனிடம், ஆல்பத்தைத் துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்தனுப்பினாள். அதன்பின் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வெட்கத்தை விட்டு வாசலுக்கு ஓடினாள்.

பெருநாள் கழித்துக் கடிதம் வந்தது. மைதீன் கையெழுத்து இல்லை. ஒவ்வோர் எழுத்தும் பஸ் போர்டு எழுத்தாகவே விறைத்து நின்றது.

"ஷரீபு, கடைசி பக்கத்த யாருக்கும் காட்டல. நானே படிச்சேன். உன் பழைய லெட்டர எல்லாம் வச்சினு இப்போ கையெழுத்தும் படிக்கக் கத்துகினேன். இனிமே மனசுல கீறதெல்லாம் எழுது."

ஷரீபுன்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து மச்சான் தன்னோடு தனியாகப் பேசிய பேச்சு இதுதான் என்று பட்டது. திரும்பத் திரும்பப் படித்தாள். அப்படிப் படித்ததில்தான் உறைத்தது: வரப்போகிற மனுஷர் எதற்காகக் கடிதம் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்?

கடிதத்தை மடித்து வைத்தாள். பிறகு பேனாவை எடுத்து, தனியாகப் படுக்க இன்னும் பயமாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.