திண்டிவனத்திலிருந்து வளவனூருக்கு ஒரு டிபன் வண்டியை இழுத்து வந்தோம்

மேரி அக்கா பத்து வருடம் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்தவள். சொந்தக் கடை போடுவதற்காகத் திண்டிவனத்தில் ஒரு பேக்கரிக்காரரிடம் பழைய டிரெய்லர் கடை ஒன்றை விலைபேசி முடித்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து மந்திரித்துத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. அதனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு வளவனூரிலிருந்து என் ஜீப்பில் கிளம்பினோம். ஓட்டியது நான். டிரெய்லர் இழுப்பது அதுதான் முதல் தடவை.

எட்டு மணிக்குத் திண்டிவனம். பொங்கல், வடை, காபி, ஆளுக்கு எழுபது ரூபாய். டிரெய்லர் எழுநூறு கிலோதான் இருக்கும் என்றார் பேக்கரிக்காரர். ஜீப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச், அதாவது கொக்கி, கிளாஸ் ஒன்று வகை. தொள்ளாயிரம் கிலோ வரை தாங்கும் என்று அதன் தகட்டிலேயே பொறித்திருந்தது. தைரியமாக மாட்டிக்கொண்டு ஒன்பதேகாலுக்குப் புறப்பட்டோம்.

நான்கு கிலோமீட்டர் போயிருப்போம். வேகம் ஐம்பதைத் தொட்டதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடி, ஜீப்பையும் சேர்த்து ஆட்டியது. அப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று படித்திருந்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டினேன். அக்கா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு கிலோமீட்டரில் லாரி எடைமேடை இருந்தது. இருபதில் உருட்டிக்கொண்டு போனோம். சீட்டுப் போடும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். டிரெய்லரைத் தனியாக ஏற்றி எடை போட்டாள். ஆயிரத்து நூற்றிருபது கிலோ. கட்டணம் நூறு ரூபாய்.

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. “ஜீப்பு ஆயிரத்தைந்நூறு கிலோ இழுக்கும்னு புக்குல போட்டுக்குதே. மெதுவா போய்க்கினே இருந்தா வூடு போய்ச் சேர மாட்டமா, செல்வி?”

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் சொன்னாள்: “ஜீப்பு இழுக்கும்க்கா. கொக்கி தாங்கணும் இல்ல? ரெண்டுல எது கம்மியோ அதான் கணக்கு.”

அக்காவே, நாளைக்கே திறக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை, ஃபாதரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

டிரெய்லரைத் திறந்து பார்த்தேன். பின்கோடியில் இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி தளும்ப நிறைந்திருந்தது! குழாய் ஒழுகவில்லை என்று காட்டுவதற்காகப் பேக்கரிக்காரர் நிரப்பி வைத்தது. பக்கத்திலேயே இரும்பு அடுப்பும் கிரானைட் பலகையும். பாரமெல்லாம் பின்பக்கம் இருந்ததால் டிரெய்லரின் மூக்கு, கொக்கியில் உட்காரும் முன்முனை, லேசாகிவிட்டது. ஆட்டத்துக்கு அதுதான் காரணம். தண்ணீரைத் திறந்துவிட்டோம். அடுப்பையும் பலகையையும் இறக்கினோம். இப்போது எண்ணூறு கிலோ. மீதிச் சாமான்களைச் சக்கரத்துக்கு முன்பக்கமாக நகர்த்திவிட்டு, மூக்கை மட்டும் மேடையில் வைத்துப் பார்த்தோம்: எண்பது கிலோ. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, சரியான கணக்கு.

இறக்கியதை ஏற்ற அந்தப் பெண்ணே ஒரு குட்டியானை லோடு வண்டியை வரவழைத்தாள். வாடகை ஆயிரத்து இருநூறு. அக்கா அதில் ஏறிப் பின்னால் வந்தாள். நான் நாற்பதைத் தாண்டவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நிறுத்தியபோது அவள் இறங்கி ஓடிவந்து, கொஞ்சம்கூட ஆடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். விழுப்புரத்தில் மறுபடி அதே செய்தி, இம்முறை சிரித்துக்கொண்டே. மதியம் ஒன்றரைக்கு வளவனூர். மொத்தம் ஐம்பத்தொரு கிலோமீட்டர். ஞாயிறு பூசை முடிந்து திறந்த கடையில் பதினொன்றரைக்கெல்லாம் மாவு தீர்ந்துவிட்டது.

நீங்களும் இழுக்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் சொல்லும் எடையை நம்பாமல் எடைமேடையில் ஏற்றுங்கள். வண்டி, கொக்கி, அதன்மேல் மூக்கு உட்காரும் இரும்பு உருண்டை மூன்றிலும் எது தாங்கும் எடை குறைவோ அதற்குள் இருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்கின் அடியில் குறுக்காக மாட்டுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, தாள்களைக் கேட்டு வாங்குங்கள். கிளாஸ் இரண்டு கொக்கி ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு கிலோ தாங்கும் என்றாலும், பலவீனமான ஜீப்பில் அதை மாட்டினால் ஜீப் பலசாலி ஆகிவிடாது.

அன்றைக்கு அக்கா பிடிவாதம் பிடித்திருந்தால் நான் ஓட்டியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. போன வாரம் எல்எல்ஆர் எடுத்துவிட்டு வந்து சாவியைக் கேட்டாள்.

“அடுத்த தபா திருவிழாக் கடைக்கு நான் இழுத்துக்கினு போறேன். நீ பின்னால வந்து ஆடுதான்னு பாரு.”