தகுதிச் சுற்று நாளில் அடித்த சாவு மேளம்

லயத்தில் கடைசி வீட்டில் இருந்ததால் கடைசிக் காம்பராப் பெரியப்பா என்று நாம் கூப்பிட்டவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, மகன், நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாய்: "ஏன்பா யாருமே தப்பு மேளம் அடிக்கல? கீழ் டிவிசன் லயத்துல சாவுன்னா அடிக்கிறாங்கதானே?" சவத்துக்குப் பின்னால் நடக்கும்போது சொல்லி முடிகிற கதை இல்லை அது. அக்காவுக்குப் பாதி தெரியும். நீ அப்போது அம்மா இடுப்பில் இருந்தாய். அதனால் ரெண்டு பேருக்குமாக எழுதி வைக்கிறேன். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

இது கால்பந்து விளையாட்டில் தொடங்கியது.

உங்கள் மாமா, அம்மாவுடைய தம்பி, ருமேனியாவுக்குப் போகும்வரை நம்ம லயத்தில் கிரிக்கெட்டை விட்டால் வேறு பேச்சு இல்லை. மாமாவுக்கு அங்கே ஒரு சின்ன டவுனில் பேக்கரி வேலை. ஆட்டம் இருக்கிற நாளில் மைதானத்துக்குப் போய் ஆட்கள் உட்காருகிற கதிரைகளைத் துடைப்பார், ஆட்டம் முடிந்ததும் குப்பை பொறுக்குவார். அந்த ஊர் டீமின் பேர் நம்ம வாயில் நுழையாது. அதனால் லயத்துப் பையன்கள் "நம்ம டீம்" என்றே சொன்னார்கள். அந்த வருசம் அந்த டீம் ஐரோப்பாப் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது.

எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. போனில் மாமாவிடம் கேட்டேன்.

"பெரிய டீமெல்லாம் பொறகுதான் வரும் மச்சான். இது கேட்டுக்கு வெளிய நிக்கிறவங்க ஆடுற ஆட்டம். ஜெயிச்சா ஒரு கேட்டு தொறக்கும்."

"அப்ப உள்ளுக்குப் போயிரலாமா?"

"எங்க! அதுக்குள்ள இன்னொரு கேட்டு இருக்கு."

"நம்ம சிலோன் கவர்மெண்டு ஆபீஸ் மாதிரின்னு சொல்லு."

மாமா அங்கேயிருந்து சிரித்தார். ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு ஆட்டம், ஒன்று அவன் ஊரில், ஒன்று நம்ம ஊரில், ரெண்டிலும் அடித்த கோலைக் கூட்டிப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். இந்தத் தகுதிச் சுற்று ஆடுவது ஜூலை, ஆகஸ்ட் மாதத்தில். அங்கே அது வெயில் காலம். நம்ம தெஹியோவிட்டப் பக்கம் அப்போது மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

நம்ம பழைய லயம் வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறைக் காம்பராக்கள்; ரப்பர் மலைக்கு நேர் அடியில் இருந்தது. முன்னால் ஓடை. ஓடைக்கு மேல் சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டினால் மேட்டில் பிள்ளைக் காம்பரா, அம்மாமார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அந்த விறாந்தையில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் ஒழுங்காக வரும்.

மழை தொடங்குமுன் ஓர் அதிகாரி வந்து எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். சிங்களத்தில் சொன்னார், தோட்டத் தலைவர் தமிழில் சொன்னார். மரம் சாய்ந்தால் பாருங்கள், சுவர் வெடித்தால் பாருங்கள், மலையிலிருந்து வருகிற தண்ணீர் சேறாக வந்தால் பாருங்கள். கடைசியில் சொன்னதை நான் மறக்கவில்லை: "மழை பெய்யும்போதே தண்ணி நின்னு போனா, பார்த்துக்கிட்டு நிக்க வேணாம். ஓடுங்க. ஓடினவங்க எதுக்கும் திரும்பிப் போக வேணாம்."

கத்திச் சொல்ல ஒரு கைமைக் தந்தார்கள். அது ஒரு வாரத்தில் கெட்டுப்போனது. அப்போது தலைவர் சொன்னார், நம்மகிட்டதான் தப்பு இருக்கே என்று. தப்பு என்கிற அந்தப் பறையைத் திருவிழாவுக்கும், காமன் கூத்துக்கும், சாவுக்கும் நான்தான் அடிப்பேன். ஆபத்து என்றால் அதை வேகமாக, விடாமல் அடிக்க வேண்டும். கேட்டவர்கள் பாலத்தைத் தாண்டிப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவர வேண்டும். மழை அளக்கிற போத்தலையும் என்னிடமே கொடுத்தார்கள். அன்றிலிருந்து மழை பெய்தால் எனக்குச் சோறு இறங்காது. தட்டை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் மலையைப் பார்ப்பேன். அம்மா ஏசுவாள்: "நீங்க பாத்தா அது நிக்குமா? வந்து சாப்பிடுங்க."

முதல் ஆட்டம் வேறு நாட்டில். பையன்கள் பிள்ளைக் காம்பரா விறாந்தையில் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆடி மாதம், திருவிழா வருகிறது என்று தப்பையும் அங்கேதான் மாட்டியிருந்தோம். நான் வீட்டில் இருந்தேன். திடீரென்று தப்புச் சத்தம், வேகமாக, விடாமல். மகன், நான் உன்னைத் தூக்கினேன், அம்மா அக்காவைப் பிடித்தாள், லயமே மழையில் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. கடைசிக் காம்பராப் பெரியப்பா பாலத்தில் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். மேலே போய்ப் பார்த்தால் பையன்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

"கோல் அண்ணே! நம்ம டீம் கோல்!"

பெரியப்பா ரத்தம் ஒழுகுகிற காலோடு நின்று கேட்டார்: "அடேய், ஜெயிச்சிட்டானுகளா?"

"இல்ல பெரியப்பா. ரெண்டுக்கு ஒண்ணு. தோத்துட்டோம்."

"தோத்ததுக்காடா என் கால ஒடச்சீங்க?"

சிரிப்பதா அடிப்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இனிமேல் கோலுக்குத் தப்பைத் தொடக்கூடாது என்று தலைவர் கண்டித்துச் சொன்னார். பையன்களும் தலையாட்டினார்கள். ஆனால் லயத்தில் ஒருவரும் அதை நம்பவில்லை. "இவனுகளா? அடுத்த ஆட்டத்துலயும் அடிப்பானுக பாரு," என்று அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஆட்டம் மாமாவின் ஊரில். அந்த மைதானத்தில் ராத்திரி ஆடுகிற அளவுக்கு விளக்கு இல்லையாம். அதனால் அங்கே வெயில் இருக்கும்போதே தொடங்கினார்கள். நமக்கு அது இருட்டி, அடுப்பு மூட்டுகிற நேரம். மாமா கோல் கம்பத்துக்குப் பின்னால் சிவப்புத் தொப்பியோடு நிற்பதாகச் சொல்லியிருந்தார். மகள், மாமாவைப் பார்க்கவேண்டும் என்று நீ அடம்பிடித்தாய். போத்தலைப் பார்க்க நான் எப்படியும் மேலே போகவேண்டும், உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். தம்பிக்குக் காய்ச்சல். அம்மா அவனோடு காம்பராவிலேயே இருந்தாள். "போன்ல என் தம்பி தெரிஞ்சா ஒரு சத்தம் குடுங்க, ஓடி வர்றேன்," என்றாள்.

போத்தல் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. விறாந்தையில் பையன்கள் நெருப்பு மூட்டி, தப்பைக் காய வைத்திருந்தார்கள். மழையில் தோல் தொய்ந்துவிடும், சூடு காட்டினால்தான் பேசும். கோல் விழுந்தால் அடிக்கத்தான் காய்ச்சினார்கள் என்று எனக்குத் தெரியும். ஏச வாய் எடுத்தேன். அதற்குமுன் பாலத்துப் பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

லயத்துக்குப் பின்னால் மலையிலிருந்து வருகிற வடிகால் கான் தண்ணீர் பாலத்துக்குப் பக்கத்தில்தான் ஓடையில் விழும். அந்த வாரம் முழுக்க அது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு டோர்ச் வெளிச்சத்தில் கானின் வாய் சும்மா இருந்தது. மழை என் தலையில் கொட்டுகிறது, கானில் ஒரு சொட்டு இல்லை. அதிகாரி சொன்னது இதுதான். 

ஓடிப்போய்த் தப்பை எடுத்து அடித்தேன். வேகமாக, விடாமல். பையன்கள் "அண்ணே, இன்னும் கோல் விழலையே," என்றார்கள். "தண்ணி நின்னுருச்சுடா!" என்று கத்தினேன். அவர்கள் முகம் மாறியது.

லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் நம்ம கத்தல் எங்கே கேட்கும்? கடைசிக் காம்பராக் கதவு மட்டும் திறந்தது. பெரியப்பா விளக்கு வெளிச்சத்தில் நின்று, நம்ம பக்கம் ரெண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினார். கோல் என்று நினைத்துச் சந்தோசம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

என் வாழ்க்கையில் அந்தக் கதவு சாத்தின மாதிரி வேறெதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

ஒரு பையன் "நான் ஓடிப்போய்ச் சொல்றேன்," என்று இறங்கினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். யாரோ பெற்ற பிள்ளையை அந்த மலைக்கு அடியில் அனுப்ப எனக்கு மனது வரவில்லை. நானே போகலாம். போனால் முதல் ரெண்டு கதவைத் தட்டுவேன், நம்ம கதவைத் தட்டுவேன், மற்றவர்கள்?

அப்போதுதான் அடியை மாற்றினேன்.

சாவு அடி வேறு மாதிரி. மெதுவாக விழும், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஆள் மூச்சு விடலாம். அதைக் கேட்டால் அடுப்பில் உலை கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் மிச்சமில்லாமல் வெளியே வந்து, மேளம் கேட்கிற பக்கம் நடக்க வேண்டும். இது நம்ம லயத்து வழக்கம். பகையாளி வீட்டுச் சாவு என்றாலும் உள்ளே இருக்கக்கூடாது. சாவு இல்லாமல் அந்த அடியை அடிக்கக்கூடாது என்பதும் வழக்கம்தான். விளையாட்டுக்குத் தொடையில் தட்டினால்கூடப் பெரியவர்கள் கையில் அடிப்பார்கள். காய்ச்சலோடு ஒரு பிள்ளை லயத்தில் படுத்திருக்க, அந்தப் பிள்ளையின் அப்பன் நான் அதை அடித்தேன்.

கதவுகள் திறந்தன. ஒவ்வொன்றாக விளக்கு வெளியே வந்தது. யாருக்கு என்று தெரியாமலே பெண்கள் அழத் தொடங்கினார்கள். குடையும் சாக்குமாகப் பாலத்தைத் தாண்டி வந்தார்கள். "யாரு? யாருக்குப்பா?"  நிறுத்தினால் பின்னால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்களோ என்று அடித்துக்கொண்டே இருந்தேன். பையன்கள்தான் வந்தவர்களைப் பிடித்துப் பிடித்து மேட்டுக்கு ஏற்றினார்கள். பெரியப்பாவை ரெண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

மகள், நீ என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "அப்பா, அம்மா வரல."

"வருவா."

"எல்லாரும் வந்துட்டாங்கப்பா. அம்மா வரல."

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தோல் மழைக்குத் தொய்ந்து சத்தம் குறையக் குறைய இன்னும் ஓங்கி அடித்தேன். நம்ம காம்பராவில் விளக்கு எரிகிறது, கதவு திறந்திருக்கிறது, ஆளைக் காணோம். மலையில் எங்கோ வேர் அறுகிற சத்தம், காய்ந்த விறகை முறிக்கிற மாதிரி. ஒன்று. பிறகு ஒன்று.

அம்மா பாலத்தில் தெரிந்தாள். காலில் செருப்பில்லை, தம்பியைத் துவாய்த் துண்டில் சுற்றி மார்பில் அணைத்திருந்தாள். நேரே என்னிடம் வந்து தப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லுங்க. என் தம்பிக்குத்தானே? போன்ல சொன்னாங்களா? எனக்கு நடக்கவே கால் வரல, உள்ளுக்கே உக்காந்துட்டேன். சொல்லுங்க!"

"ஒன் தம்பிக்கு ஒண்ணுமில்ல புள்ள."

"அப்ப யாருக்கு?"

நான் சொல்லுமுன் மலை சொல்லிவிட்டது. லொறி லொறியாகக் கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், காற்று, அதன் பிறகு மண் வாசனையும் முறிந்த மரத்து ரப்பர்ப் பால் வாசனையும். விளக்கு எரிந்த இடத்தில் விளக்கு இல்லை. நம்ம காம்பரா இருந்த பாதி லயம் போய்விட்டது. எல்லாரும் பக்கத்தில் இருப்பவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சில் கிடந்த போனில் நல்ல வெயில். பச்சைப் புல்லில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். அது நம்ம டீமின் கோல் என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் மாமா பேசினார். "என்ன மச்சான், கோல் பாத்தீங்களா? ரெண்டு ஆட்டமும் கூட்டிச் சமம், பெனல்டில போச்சு. கேட்டு தொறக்கல." அம்மா போனைப் பிடுங்கி, "நீ இருக்கியாடா, இருக்கியாடா," என்று அழுதாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒருவரும் சாகவில்லை. ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. வீடு போனதால் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது லயத்துப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள், "ஆளில்லாம அடிச்சிட்டியே அண்ணே, அது ஆளத் தேடிக்கிட்டு வரும்." நல்ல மனதோடுதான் சொன்னாள். மகன், உன் காய்ச்சல் இறங்கும்வரை உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இறங்கின பிறகும் பார்த்தேன்.

இந்தப் புது வீடுகளுக்குப் பின்னாலும் மலைதான். இங்கே வந்ததும் தலைவர் கூட்டம் போட்டார், ஆபத்துக்கு என்ன அடி என்று. கடைசிக் காம்பராப் பெரியப்பாதான் முதலில் எழுந்தார். "சாவு அடியே இருக்கட்டும். அதுக்குத்தான் நான் எந்திரிச்சு வந்தேன்," என்றார். "ஆனா அதுக்கப்புறம் சாவுக்கு அடிக்கப்படாது. ரெண்டுக்கும் ஒண்ணுன்னா திரும்பவும் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துருவோம். நான் செத்தாலும் அடிக்காதீங்க."

போன மாதம் அவர் போனபோது அவருடைய மகன்மார் வந்து என்னிடம் கேட்டார்கள், ஒரே ஒரு தடவை அடிக்கலாமா என்று. எனக்கும் கை துடித்தது. அவர் சொன்னதைச் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மேளமில்லாமல் தூக்கினோம். நீ கேட்டபோது நான் பின்னால் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

இந்த வருசமும் மாமா டீம் தகுதிச் சுற்றில் நிற்கிறது. நீங்கள் ரெண்டு பேரும் போனைப் பார்க்கிறீர்கள். கோல் விழுந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் குதிக்கிறீர்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, நீங்களாகவே செய்கிறீர்கள். தப்பு அடுப்புக்கு மேலே தொங்குகிறது. தோல் தொய்யாமல் இருக்கிறதா என்று மழை நாளில் தொட்டுப் பார்க்கிறேன். அதை எடுக்கிற நாள் வராமல் இருக்கவேண்டும்.